விசில் பிடிக்கக் கற்றுத் தருபவருக்கும் கூலி உண்டு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி என்று போகப் போகக் கண்ணில் படுவது மானாவாரிக் கரிசலும் கருவேலமும்தான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் வெள்ளாமையை வீடு சேர்த்துவிட்டால் பங்குனி, சித்திரையில் நிலம் ஓய்ந்து கிடக்கும். ஊர் ஓயாது. கோயில் பொங்கலை ஒட்டி மின்னொளிக் கபடி நடக்கும். 32 அணிகள் வந்தால், தோற்றவர் வெளியேறும் முறையில் 31 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் விதிப்படி ரெப்ரி ஒருவர், அம்பயர்கள் இருவர், ஸ்கோரர் ஒருவர், உதவி ஸ்கோரர்கள் இருவர் என ஆறு பேர் வேண்டும். விசில் பிடிப்பவருக்கு விழாக் குழு சாப்பாடு போட்டு, கையில் ஏதோ ஒரு தொகையும் கொடுத்து அனுப்புகிறது. அந்த விசிலைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்து, களத்தோரம் உட்கார்ந்து கவனித்து, ஆட்டம் முடிந்ததும் தவறைத் தனியாக அழைத்துச் சொல்லுகிற மூத்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு துண்டும் மேடையில் ஒரு நன்றியும்தான். அவருக்கும் ஊதியம் தர வேண்டும் என்பது என் கட்சி.

கபடிக்கு நடுவராக இருப்பது எளிது என்று நினைப்பவர்கள் போனஸ் கோட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ். பாடிப் போகிறவரின் ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மறுகால் தரையில் படாமல் இருக்க வேண்டும். ஓரத்து லாபியோ, தொடுதல் நடக்கும்வரை வெளிக்களம்; தொட்ட நொடியிலிருந்து உள்களம். 30 விநாடிக்குள் முடிந்துவிடும் ஒரு ரைடில் இத்தனையையும் ஒரு ஜோடிக் கண்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். 2014இல் புரோ கபடி வந்த பிறகு ஜனங்கள் டிவியில் மறுகாட்சி பார்த்துப் பழகிவிட்டார்கள். ஊர்க் களத்தில் மறுகாட்சி கிடையாது. தவறிப்போன ஒரு புள்ளி இரண்டு அணிகளின் சண்டையாகி, இரண்டு ஊர்களின் சண்டையாகி, சாதிச் சண்டையாகவும் மாறிவிடலாம். தென்மாவட்டங்களில் போட்டிக்கு அனுமதி தரப் போலீஸ் தயங்குவதும், அனுமதி கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுக்கள் போவதும் இந்த அச்சத்தால்தான். விதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். கத்திக்கொண்டு வரும் ஏழு பேருக்கு முன்னால் குரலை உயர்த்தாமல் நிற்பதை, அப்படி நின்று பழகியவர் பக்கத்தில் இருந்துதான் கற்றுத்தர முடியும். அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் 2018-19க்கும் 2021-22க்கும் இடையில் ஏறத்தாழ 50,000 நடுவர்கள் விலகினார்கள். அவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் இருந்தது. பெற்றோரும் பார்வையாளரும் திட்டுவதைத் தாங்க முடியாமல் போனதே அங்கு பெரிதாகச் சொல்லப்படும் காரணம். களத்தில் நிற்பவருக்குக் காசு மட்டும் போதாது, ஆள் துணையும் வேண்டும்.

அந்தத் துணையாக நம் பக்கம் இருப்பவர்கள் அநேகமாக ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள். அவர்கள் செய்திருப்பது பெரிய காரியம். ஆனால் அவர்களால் அதைச் செய்ய முடிந்ததற்குப் பென்ஷனும் ஒரு காரணம். மில்லில் ஷிப்டு பார்க்கும் பழைய ஆட்டக்காரர், தறியில் உட்கார்ந்திருப்பவர், மாவட்ட அணிக்கு ஆடிவிட்டுக் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண், இவர்களுக்கெல்லாம் ஒரு சாயங்காலம் என்பது ஒரு கூலி. 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்க்கப்பட்ட பகுதிநேர உடற்கல்வி ஆசிரியருக்கு 12 ஆண்டுகள் கழித்து, 2024இலும் 12,500தான் கிடைத்தது. அவரிடம் இலவசமாக வந்து கற்றுக்கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஆக, ஊதியம் இல்லாத பணி எல்லோருக்கும் திறந்திருக்கும் பணி அல்ல. வசதி உள்ளவரை உள்ளே விட்டு மற்றவரை வாசலில் நிறுத்துகிற பணி. கபடிச் சங்கங்களின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'அமெச்சூர்' என்ற சொல்லின் கதையும் இதுதான். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக் குழு 1879இல் அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதியபோது, கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்றே எழுதியது. அருப்புக்கோட்டை நெசவாளி அன்று அங்கே போயிருந்தால் துடுப்பைத் தொட விட்டிருக்க மாட்டார்கள்.

காசு புகுந்தால் சேவை மனம் கெட்டுவிடும் என்பார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2000இல் கினீசி, ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் இஸ்ரேலில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். வீடு வீடாக நன்கொடை திரட்டிய மாணவர்களில் கமிஷன் இல்லாதவர்களே அதிகம் திரட்டினார்கள். 10 சதவீதம் பெற்றவர்கள் அடுத்து வந்தார்கள். ஒரு சதவீதம் பெற்றவர்கள் கடைசி. அற்பத் தொகை அவமானப்படுத்தும் என்பது இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம். திரட்டிய தொகையில் பங்கு தருவதும், ஒருவர் இழந்த நேரத்தை ஈடுசெய்வதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த ஆயிரம் ரூபாயால் அவர்கள் பிள்ளைகளிடம் காட்டிய அக்கறை குறைந்தது என்று நான் கேள்விப்படவில்லை. தொகை போதாது என்றுதான் கேள்விப்பட்டேன். கிரிக்கெட்டில் ஐந்து முறை சிறந்த நடுவர் விருது பெற்ற சைமன் டாபெல் 2012இல் களத்தைவிட்டு இறங்கியதும், நடுவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் ஐ.சி.சி. அவரை அமர்த்திக்கொண்டது. பணக்கார ஆட்டத்தில் இது வேலை, ஏழை ஆட்டத்தில் மட்டும் இது தியாகமா?

பணம் எங்கிருந்து வரும்? நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு வைத்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு சாயங்காலத்துக்கு அதற்குக் குறையாத தொகையும் பஸ் செலவும் சாப்பாடும் என்று வைத்தால், இரண்டு இரவுப் போட்டிக்கு ஆகும் செலவு பிளெக்ஸ் போர்டுச் செலவில் ஒரு பங்குதான். அரசு 2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. பந்தும் மட்டையும் தந்த கை, நடுவரை உருவாக்குபவருக்கும் கொஞ்சம் தரலாம். வேண்டியவருக்கே பணம் போகும் என்ற பயம் நியாயமானது; இந்திய அமெச்சூர் கபடிச் சம்மேளனத்தையே டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் ஒரு நிர்வாகியின் கையில் ஒப்படைக்க வேண்டி வந்தது. அதனால் சங்கத்தின் வழியாக மட்டும் பணம் போகக் கூடாது. எந்தத் தேதியில், எந்த நடுவரைக் கவனித்து, என்ன சொல்லித் திருத்தினார் என்று பயிற்றுநர் எழுதிக் கொடுக்கட்டும். நடுவரும் கையெழுத்துப் போடட்டும். மாவட்ட விளையாட்டு அலுவலகம் அதைப் பார்த்துவிட்டு வங்கிக் கணக்கில் போடட்டும்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பங்குனிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, பரிசுத் தொகைகளுக்குக் கீழே நடுவர் பயிற்றுநர் ஊதியம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வேலைக்கு, உங்கள் ஊரில் முன்பு கபடி ஆடிய ஒரு பெண்ணை முதலில் கேட்டுப் பாருங்கள்.