மேட்டுப் பாதையில் டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்றுவது எப்படி?

கிள்ளான் வட்டாரத்தில் வாழும் நமக்கு டிரெய்லர் புதியதன்று. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று திறக்கப்பட்டு, 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய இடத்தில், 1973 முதல் கொள்கலன்கள் இறங்கி வருகின்றன. அவற்றை இழுக்கும் நீண்ட வண்டிகளை ஓட்டுவோரில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. கேரித் தீவு போன்ற செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளை ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் இழுக்கிறது. வண்டி எதுவானாலும், செங்குத்தான மேட்டில் பின்னோக்கி ஏற்றும்போது அடிப்பாகம் தரையில் உரசக்கூடும். அதைத் தவிர்க்கும் வழியை இன்று பார்ப்போம்.

உரசும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேடு தொடங்கும் அடிவாரம்; மற்றொன்று, மேடு முடியும் உச்சி.

அடிவாரத்தில் இடிப்பது டிரெய்லரின் வால். சக்கரம் சமதரையில் இருக்கும்போதே, அதற்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி மேட்டின்மேல் போய்விடுகிறது. வால் 2 மீட்டர் நீளம், மேடு 5 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது என்று கொள்வோம். வாலின் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால்தான் அது தப்பும்.

உச்சியில் தட்டுவது வயிறு. இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் நடுவே 8 மீட்டர் தூரம், மேடு 10-க்கு 1 என்றால், நடுவில் 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தூரத்தைச் சரிவால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கும் பின்னக் கணக்குதான் இது. கொள்கலன் வண்டியில் தாழ்ந்து நிற்கும் முட்டுக்கால்களையும் மறக்காமல் அளக்க வேண்டும்.

சரிவை அளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டை போதும். அதன் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, மறுமுனையைத் தூக்கிச் சமமாகப் பிடிக்க வேண்டும். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை அதன்மேல் படுக்கவைத்தால் சமம் தெரிந்துவிடும். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால் சரிவு 10-க்கு 1. வண்டியின் இடைவெளியைச் சரக்கு ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். பாரத்தில் வில்லும் டயரும் அமுங்கும். கணக்கு ஒத்துவராவிட்டால், சரக்கைக் கீழேயே இறக்கிவிடுவதுதான் அறிவுடைமை.

இனி ஓட்டும் முறை. இரு வண்டிகளும் ஒரே கோட்டில் நிற்கும்படி, முதலில் சமதரையிலேயே நேராக்கிக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைக் கையால் பிடித்தால் குழப்பம் இராது: கை இடப்பக்கம் போனால் டிரெய்லரின் வாலும் இடப்பக்கம் போகும். குட்டையான டிரெய்லர் சட்டெனத் திரும்பும்; நீண்டது மெதுவாகத் திரும்பும். கோணம் மிஞ்சி மடங்கத் தொடங்கினால், உடனே நிறுத்தி, முன்னே இழுத்து, மறுபடி நேராக்க வேண்டும். கியர் மிகத் தாழ்ந்ததாக இருக்கட்டும். சரிவில் டிரெய்லரைக் கழற்றவே கூடாது. நிறுத்த நேர்ந்தால், பிரேக் போட்டு, சக்கரங்களின் கீழ்ப்புறம் கட்டை வைக்க வேண்டும்.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஆகவே வண்டியின் இடப்புறமும் பின்புறமும் அவர் கண்ணுக்குச் சரியாகப் படுவதில்லை. சைகை காட்ட ஓர் ஆள் கட்டாயம் தேவை. சைகை ஒருவர் மட்டுமே காட்ட வேண்டும். அவர் வலப்பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் உருவம் மறைந்த அதே கணம் வண்டி நிற்க வேண்டும். டிரெய்லருக்கும் சுவருக்கும் இடையே அவர் நிற்பது உயிருக்கே ஆபத்து.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. லயத்தருகே வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டால், முதலில் குழந்தைகளை உள்ளே அழையுங்கள். சின்னஞ்சிறு பிள்ளை சக்கரத்தருகே குனிந்திருந்தால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. உரசிய இரும்பைத் தட்டி நிமிர்த்திவிடலாம். போன உயிரை மீட்க முடியாது. வண்டி நகரும் முன்பே இறங்கிச் சுற்றிவந்து பார்க்கும் ஓட்டுநரை, நேரத்தை வீணாக்குகிறார் என்று யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். நம் பிள்ளைகளைக் காப்பது அந்த இரண்டு நிமிடம்தான்.