உங்களுக்குத் தெரியுமா? ஒரே கட்டணத்தில் காடும் கடலும்

அறை, மூன்று வேளைச் சாப்பாடு, உலா எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்றதும் மாலத்தீவுதான் நினைவுக்கு வரும். ஆனால் மைசூரு மாவட்டம் காராபுராவில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் 1980-களிலிருந்தே இதைச் செய்துவருகிறது. கபினி நீர்த்தேக்கக் கரையில் உள்ள அந்த விடுதி, மைசூர் மகாராஜாக்களின் பழைய வேட்டை மாளிகை வளாகம். கடல்தான் வேண்டுமென்றால், கார்வாரில் காளி ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, சவுக்குத் தோப்புக்குள் இவர்களுக்கே தேவ்பாக் விடுதியும் உண்டு. குழுவாகப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு கபினிதான். கோடையில் நீர்த்தேக்கம் வற்ற வற்ற, கரையில் முளைக்கும் பசும்புல்லைத் தேடி யானைக் கூட்டங்கள் இறங்கி வரும். குட்டியை நடுவில் விட்டுப் பெரியவை சுற்றி நிற்கும். அந்த நேரத்தில் ஜீப்பில் யாரும் சத்தம் போடாதீர்கள்.