மீன் தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டி

கோவில்பட்டியில் ஒரு குடம் தண்ணீரின் அருமையை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் நிலத்துக் கிணறுகள் பல உப்பு நீரையே தருகின்றன. குடிநீர் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வர வேண்டியிருக்கிறது. இத்தகைய ஊரில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர், வாரந்தோறும் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவிப் புது நீர் நிரப்பலாமா? கூடாது. தண்ணீர் வீணாவதோடு மீன்களும் மடியக்கூடும். ஏன் என்று பார்ப்போம்.

மீன்களின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா நீரில் கலக்கிறது. இது மீன்களுக்கு நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. 1890ஆம் ஆண்டையொட்டி இந்நுண்ணுயிர்களை ஆராய்ந்து விளக்கியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. ஆகவே, வடிகட்டி என்பது வெறும் சல்லடை அன்று, நுண்ணுயிர்களின் குடியிருப்பு. அதைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் குடியிருப்போர் அழிவர். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

இக்குடியிருப்பைப் பெரிதாக்கவே மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைக்கிறோம். இதனைச் 'சம்ப்' என்பர். மேல் தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே இதன் முதல் அறைக்கு இறங்குகிறது. அங்குள்ள பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். இரண்டாம் அறையில் உடைத்த ஓட்டுச் சில்லுகள். மூன்றாம் அறையிலுள்ள பம்பு நீரை மீண்டும் மேலேற்றும். சில்லாக உடைப்பது ஏன்? 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 600 சதுர செ.மீ.; அதையே 1 செ.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 6,000 சதுர செ.மீ.! பாக்டீரியாக்கள் ஒட்டி வாழப் பத்து மடங்கு இடம்.

இனி ஓர் எச்சரிக்கை. மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? வகுப்பில் வடிகுழாய்த் தத்துவம் நடத்திய அதே வாரம், ஓர் இரவு மின்வெட்டில் என் வீட்டுக் கூடம் குளமாயிற்று! பம்பு நின்றதும், நீரேற்றும் குழாயே வடிகுழாயாகி மேல் தொட்டி நீரைக் கீழே இறக்கிவிட்டது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தது. தொட்டி 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். 90 × 30 × 5 = 13,500 கன செ.மீ.; அதாவது 13.5 லிட்டர். சம்பிலோ அத்தனை காலியிடம் இல்லை. குழாயில் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே சிறு துளையிட்டேன். நீர் அம்மட்டத்துக்கு இறங்கியதும் துளை வழியே காற்று புகும், ஓட்டம் அறும். இறங்குவது 2.7 லிட்டரே. துளையில் பாசி அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பிலும் போதிய காலியிடம் விட வேண்டும்.

சம்ப் அமைத்த உடனே மீன்களை நிறைய விட்டுவிடாதீர்கள். பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். கோடையில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. கிணற்று நீரையே ஊற்றி ஈடுசெய்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். சேமித்த மழைநீர் இதற்கு ஏற்றது. நைட்ரேட்டும் சேர்வதால் அவ்வப்போது சிறு பங்கு நீரை மாற்றத்தான் வேண்டும். அந்த நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். உங்கள் முருங்கைக்கு அது உரம்!