நகர ஒப்பீட்டில் காவலும் விலையும்: அயனம்பாக்கத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நாளங்காடி, அல்லங்காடி ஆகியவற்றின் வளத்தையும் நள்ளிரவிலும் அயராத ஊர்க்காவலரையும் மதுரையின் சிறப்புகளாகக் காட்டுகிறது. நகரைப் பொருள்வளத்தாலும் காவலாலும் மதிப்பிடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. இன்று அம்மதிப்பீடு எண்களாக வெளியிடப்படுகிறது. குடியேற ஊர் தேடுவோர் அவ்வெண்களை நம்பி முடிவெடுக்கின்றனர். ஆயின், அவை ‘நகர்’ என்னும் சொல்லால் ஒரே நிலப்பரப்பைச் சுட்டுவதில்லை. இதனைச் சென்னையின் மேற்குப் புறநகரான அயனம்பாக்கத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லைகள்

அயனம்பாக்கத்தைச் சூழ்ந்த பகுதியின் ஆட்சியமைப்பு ஒருபடித்தானதன்று. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லியும் திருவேற்காடும் நகராட்சிகளாக வளர்ந்தன. காவல் துறையைப் பொறுத்தவரை, 2022 சனவரியில் தொடங்கப்பெற்ற ஆவடி காவல் ஆணையரகத்தின்கீழ் இவை யாவும் அடங்கின. ஆகவே, அம்பத்தூர்வாசி சொத்துவரியைச் சென்னைக்குச் செலுத்துகிறார். காவலுக்கு ஆவடியைச் சார்ந்திருக்கிறார்.

காவல்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகையுடைய பெருநகரங்களுக்குக் குற்ற வீதத்தைத் தனியே வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் சென்னையும் கோயம்புத்தூரும் இவ்வரிசையில் இடம்பெறுகின்றன. ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் பதிவாயின என்பதே அவ்வீதம். இதில் வகுக்கும் எண்ணாக அமைவது 2011 கணக்கெடுப்பின் நகரத்திரள் மக்கள்தொகை. அது மாநகராட்சி எல்லையைக் கடந்து புறநகர்களையும் உள்ளடக்கியது. வழக்குகளை எண்ணும் காவல் எல்லை அதனினும் குறுகியதாயின், வீதம் உண்மையினும் தாழ்ந்து தோன்றும். நகர் பாதுகாப்பானதாகக் காட்சியளிக்கும். மேலும், பதிவான வழக்குகள் மிகுவது குற்றம் மிகுந்ததன் விளைவாகவோ, மக்கள் தயக்கமின்றிப் புகார் அளிப்பதன் விளைவாகவோ இருக்கலாம். பதிவு உயர்வும் குற்ற உயர்வும் வெவ்வேறு என்று காப்பகமே எச்சரிக்கிறது.

விலை

தொழிலாளர் பணியகம் 88 மையங்களுக்கு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கணிக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், மதுரை, சேலம், குன்னூர் ஆகியன அவற்றுட் சில. ஒவ்வொரு மையத்திலும் 2016ஆம் ஆண்டின் விலைநிலை 100 எனக் கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு நகரின் எண் 145 எனவும் மற்றொன்றின் எண் 140 எனவும் கொண்டால், முதல் நகரில் வாழ்க்கைச் செலவு மிகுதி என்று பொருளாகாது. அங்கு விலை விரைந்து ஏறியது என்பதே பொருள். 2016இல் எந்நகரில் வாடகை மிகுந்திருந்தது என்பதை இவ்வெண் கூறாது.

நகரங்களுக்கிடையிலான செலவு வேறுபாட்டை நேரடியாக ஏற்கும் அரசு நடைமுறை, மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படியாகும். இதில் சென்னை நகரத்திரள் ‘எக்ஸ்’ பிரிவு. கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியன ‘ஒய்’ பிரிவு. 2024 சனவரி முதல் இவற்றிற்கு முறையே அடிப்படை ஊதியத்தில் 30, 20 விழுக்காடு வழங்கப்படுகிறது. இங்கு ஆவடியும் பூந்தமல்லியும் சென்னையாகவே கொள்ளப்படுகின்றன. காவலுக்குத் தனித்து நிற்கும் புறநகர், வாடகைப்படிக்குச் சென்னையாகிவிடுகிறது. ஆனால் திரளின் நடுவிலும் விளிம்பிலும் வாடகை ஒன்றன்று. படியின் விழுக்காடு மட்டுமே ஒன்று.

முடிவுரை

நகரங்களை வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலையும் ஏற்குமுன் மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும்: ‘நகர்’ என்பது இங்கு எவ்வெல்லையைக் குறிக்கிறது? தொகுக்கும் எண்ணும் வகுக்கும் எண்ணும் ஒரே எல்லைக்குரியனவா? எண் காட்டுவது நிலையையா, மாற்றத்தையா? இவற்றிற்கு விடை காணாத பட்டியல் சென்னையையும் கோயம்புத்தூரையும் ஒப்பிடலாம். அயனம்பாக்கத்தில் வீடு தேடும் குடும்பத்திற்கு அது வழிகாட்டாது. அக்குடும்பத்திற்குத் தேவையானது காவல் நிலைய எல்லையளவிலான குற்றப் பதிவும் பகுதியளவிலான வாடகை விவரமுமே.