புட்டிக்குள் ஒரு மலைவாழைத் தோப்பு!

பழனி பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்ததும் கமகமவென்று மூக்கில் ஏறுகிறதே, அந்த வாசம் எங்கே பிறக்கிறது தெரியுமா? வாங்க, வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி ஏறும் மலைப்பாதையில் போய் எட்டிப் பார்த்துவிடலாம்!

சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக்கொடி, நடுநடுவே விருப்பாட்சி மலைவாழை. பழத்தில் நீர் குறைவு. தோல் கறுத்தாலும் அழுகி ஒழுகாது. சுருங்கச் சுருங்க இனிப்பு கூடும். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசையும் பஞ்சாமிர்தத்துக்கு இதைவிடத் தோதான பழம் ஏது!

இந்த வாழைக்கென்றே ஓர் அமைப்பு உண்டு: தமிழ்நாடு மலைவாழை விவசாயிகள் கூட்டமைப்பு. விருப்பாட்சி, சிறுமலை என இரண்டு மலைவாழைகளுக்கும் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பித்து, 2008-09இல் வாங்கியும் காட்டியது. பஞ்சாமிர்தத்துக்கு அது கிடைத்தது 2019இல்தான். பிரசாதத்தை முந்திக்கொண்டது பழம்!

ஆனால் இந்தப் பழமே நம் கையைவிட்டுப் போக இருந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து வைரஸ் நோய் வந்தால் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும், தார் தள்ளாது. மருந்தும் கிடையாது. கட்டையோடு அழித்தே ஆக வேண்டும். பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டால் நோயும் கூடவே குடிபோகும். சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

இதை மீட்கும் வேலையைப் பார்க்க இப்போது திரைக்குப் பின்னால் போவோம். எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம் இதுதான்! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் நல்ல தாய்வாழைகளைத் தேர்ந்தெடுத்து, எலைசா சோதனையில் வைரஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். பிறகு அவற்றின் குருத்துநுனியிலிருந்து துளியூண்டு திசுவை வெட்டியெடுத்து, கண்ணாடிப் புட்டிக்குள் ஊட்டக்கூழில் வைக்கிறார்கள். அது பச்சைப் பசேலென்று முளைவிட்டு, ஒன்று பலவாகி, வேர் பிடித்து, நிழல்வலைக் குடிலில் வெளிக்காற்றுக்குப் பழகி, கடைசியில் மலையேறுகிறது. நாளைய தார்களெல்லாம் இன்று ஒரு புட்டிக்குள்!

நட்ட பிறகும் கண்காணிப்பு ஓய்வதில்லை. இலையைத் திருப்பி வெயிலில் பிடித்து, நோயின் அடையாளமாக நரம்போரம் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீறல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒன்றுமில்லையா? அப்பாடா, அடுத்த கன்றுக்குப் போகலாம்!