வெல்டிங் வேலைக்கு மின்சாரமா, என்ஜினா?

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தைச் சுற்றிலும் ஏரிப் பாசன நெல் சாகுபடியே முக்கியத் தொழில். தென்னேரி, உத்திரமேரூர் போன்ற பெரிய ஏரிகளை நம்பி சொர்ணவாரி, சம்பா, நவரைப் பட்டங்களில் நெல் பயிராகிறது. சேற்றுழவு நேரத்தில் டிராக்டரின் கேஜ் வீல் விட்டுப்போனாலோ, கொத்துக் கலப்பையின் கால் முறிந்தாலோ வேலை நின்றுவிடும். நாற்றுக்கு வயது முற்றும். ஆகவே நாலைந்து விவசாயிகள் சேர்ந்து சிறிய வெல்டிங் மெஷின் ஒன்று வைத்துக் கொள்வது நல்லது. அதை மின்சாரத்தில் ஓட்டுவதா, என்ஜினில் ஓட்டுவதா?

எந்த மெஷின் ஏற்றது?

பண்ணைக் கருவிகளுக்கு 3.15 மில்லிமீட்டர் ராடு போதும். அதற்குச் சுமார் 100 ஆம்பியர் வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் இதற்கு 8 கே.வி.ஏ. வரை இழுக்கும். இன்வெர்ட்டர் மெஷினுக்குச் சுமார் 4 கே.வி.ஏ. போதும், கையில் தூக்கியும் போகலாம். எதில் ஓட்டினாலும் இதுவே சிக்கனம்.

செலவுக் கணக்கு

இன்வெர்ட்டர் மெஷினில் விடாமல் ஒரு மணி நேரம் பற்றவைத்தால் சுமார் 3 யூனிட் ஆகும். அதே 3 யூனிட்டைச் சிறிய ஜெனரேட்டரில் எடுக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் வேண்டும். ராடு மாற்றும்போதும், கசடு தட்டும்போதும் என்ஜின் சும்மா ஓடி டீசல் குடிக்கும். எனவே லைன் உள்ள இடத்தில் மின்சாரமே மலிவு. ஆனால் வோல்டேஜ் குறைவாக இருந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். பற்று உறுதியாக இராது.

பம்பு செட் சர்வீஸ் வேண்டாம்

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அது பாசனத்துக்குத் தரப்பட்டது. "கலப்பையும் விவசாயத்துக்குத்தானே" என்று அதில் வெல்டிங் மெஷினை மாட்டக் கூடாது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, அனுமதியில்லாத உபயோகத்துக்கு உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். எந்த நாளிலிருந்து உபயோகித்தார் என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். ஒரு நாள் வேலைக்கு ஓராண்டுச் சுமை! மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்து, தகுந்த இணைப்பிலேயே ஓட்ட வேண்டும்.

என்ஜின் எப்போது?

லைன் இல்லாத வயலிலும், மின்தடை நேரத்திலும் என்ஜின்தான் கைகொடுக்கும். ஒரு கே.வி.ஏ.வுக்குச் சுமார் 2 குதிரைச் சக்தி வேண்டும். இன்வெர்ட்டர் மெஷினுக்கு 5 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டரும் 10 குதிரைச் சக்தி என்ஜினும் சரியாக இருக்கும். சும்மா கிடக்கும் 5 குதிரைச் சக்தி பம்பு என்ஜின் இதற்குப் போதாது. எப்போதோ வரும் வேலைக்கு ஜெனரேட்டரைச் சொந்தமாக வாங்குவது கட்டுப்படியாகாது, வாடகைக்கு எடுக்கலாம். கழற்றக்கூடிய கருவியானால் லைன் உள்ள இடத்துக்குக் கொண்டுவருவதே மேல்.

கவனிக்க வேண்டியவை

* ஈரத்தில் நின்று பற்றவைக்கக் கூடாது. காய்ந்த பலகை மேல், காய்ந்த கையுறையுடன் நிற்கவும்.
* கருவியை டிராக்டரிலிருந்து கழற்றிய பிறகே பற்றவைக்கவும். எர்த் கிளாம்பைப் பற்றுக்கு அருகிலேயே மாட்டவும். தூர மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும்.
* ஜெனரேட்டரை மூடிய அறையில் ஓட்டினால் புகை உயிரைக் குடிக்கும்.
* மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் இணைக்கக் கூடாது. மின்சாரம் திரும்பிப் பாய்ந்து, கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிருக்கே ஆபத்தாகும்.

பட்டம் தொடங்குவதற்கு 15 நாள் முன்பே கருவிகளில் வெடிப்பு உண்டா என்று பார்த்துப் பற்றவைத்து விட்டால், அவசரத்துக்கு என்ஜின் தேடி அலைய வேண்டியதில்லை.