கண்ணுக்குத் தெரியாத முத்திரை

முகூர்த்த மாதங்களில் சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் நிற்க இடமிருக்காது. பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் கூறைப்புடவைக்கும் தாலிச் சங்கிலிக்கும் வாழ்நாள் சேமிப்பை எண்ணிக் கொடுக்கிறோம். அவ்வளவு பணத்துக்கும் நமக்கு இருக்கும் பிடிமானம் சின்னச் சின்ன அடையாளங்கள்தான்: புடவையில் தொங்கும் சில்க் மார்க் அட்டை, நகையில் பொறித்த ஹால்மார்க். அந்த அடையாளத்தையே யாராவது நகலெடுத்துவிட்டால்?

முதலில், இருக்கும் முத்திரைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். மத்தியப் பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த சில்க் மார்க், துணி சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. அது கைத்தறியா, காஞ்சிபுரத்தில் நெய்ததா என்று அது சொல்லாது. காஞ்சிபுரத்தில் நெய்தது என்பதைச் சொல்வது புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் அதை வழங்கிய பதிவகம், தி.நகரிலிருந்து சில கிலோமீட்டரில், கிண்டியில்தான் இருக்கிறது.

தங்கத்துக்கு விதி இன்னும் கடுமை. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகைகளை ஒவ்வொரு நகைக்கும் உரிய ஆறு இலக்கத் தனி அடையாளமான எச்.யூ.ஐ.டி. எண் இல்லாமல் விற்கக் கூடாது. மருந்திலும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் கியூ.ஆர். குறியீடு வந்துவிட்டது.

இவை எல்லாமே நல்ல ஏற்பாடுகள். ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய எதையும் கேமராவும் பார்க்கும். அச்சு இயந்திரம் நகலெடுக்கும். அசல் உறையிலுள்ள கியூ.ஆர். குறியீட்டைப் படமெடுத்துப் போலி உறையில் அச்சிட்டால், அதுவும் அசல் நிறுவனத்தின் விவரத்தையே காட்டும்.

அகச்சிவப்பின் உதவி

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் காணும். 700-க்கு அப்பால் இருப்பது அகச்சிவப்பு. டி.வி. ரிமோட்டின் நுனியைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் மினுக்கும். சில போன்களில் செல்ஃபி கேமராவில்தான் தெரியும்.

இந்த ஒளியில் பதிலளிக்கும் மைகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. கரித்தூள் கலந்த கறுப்பு மை அகச்சிவப்பை உறிஞ்சும். பல சாயக் கறுப்பு மைகள் அதை அப்படியே விட்டுவிடும். இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டால் கண்ணுக்கு ஒரே கறுப்பு. அகச்சிவப்புக் கேமராவில் ஒன்று நிற்கும், மற்றது மறைந்துபோகும். சாதாரண ஜெராக்ஸ் இயந்திரத்தால் இந்த வேறுபாட்டைப் பிரதியெடுக்க முடியாது.

இரண்டாவது விதத்துக்கு இட்டெர்பியம், எர்பியம் என்ற அருமண் தனிமங்கள் வேண்டும். 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை இட்டெர்பியம் வாங்கி எர்பியத்துக்குக் கைமாற்றும். இரண்டு பங்கு சேர்ந்ததும் எர்பியம் அதைப் பச்சை ஒளியாக வெளியிடும். புற ஊதா விளக்கில் ஒளிரும் மையோ மலிவு. சலவைத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டியால் துவைத்த வேட்டிகூட அந்த விளக்கில் நீலமாக ஒளிர்கிறது. அகச்சிவப்பில் பச்சையாக ஒளிர்வது அப்படித் தற்செயலாக நடக்காது. போலிக்காரருக்கு அங்கேதான் சிக்கல்.

இது புதுமை அல்ல. பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கத்தின் அடியில் வரும் இரண்டு வரிகளை அகச்சிவப்பில் படிக்கும்படி அச்சிட வேண்டும் என்பது சர்வதேச விதி. வங்கிகளில் நோட்டுகளைத் தரம் பிரிக்கும் இயந்திரங்களும் அகச்சிவப்பில் பார்க்கின்றன.

தறிக்கு என்ன செய்யலாம்?

பட்டு ஒரு புரதம். அதன் பிணைப்புகள் அகச்சிவப்பில் சுமார் 6 மைக்ரோமீட்டர் பகுதியை உறிஞ்சும். பாலியஸ்டர் உறிஞ்சும் இடம் சற்றே தள்ளியிருக்கும். ஆகவே பட்டா பாலியஸ்டரா என்பதை, நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்காமலே, ஆய்வகக் கருவி சொல்லிவிடும். ஆனால் கைத்தறிப் பட்டும் விசைத்தறிப் பட்டும் அந்தக் கருவிக்கு ஒன்றுதான். சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கு ஒதுக்க வழிசெய்யும் சட்டம் 1985-லேயே வந்தும், துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை போட்டு நெய்யும் நெசவாளியின் உழைப்பு, விசைத்தறிச் சேலையின் விலையோடு மல்லுக்கட்டுகிறது.

சில்க் மார்க் அட்டையைக் கழற்றி வேறு புடவையில் மாட்டிவிடலாம். அகச்சிவப்புக் குறிப்பொருள் கலந்த ஓர் இழையைக் கூட்டுறவுச் சங்கமே நெசவாளிக்குக் கொடுத்து, புடவையின் ஓரத்தில் நெய்யச் செய்தால் அதை மாற்ற முடியாது. சாயத்தையும் சலவையையும் அந்த இழை தாங்கியாக வேண்டும். அதைச் சோதித்துச் சொல்ல, சர்தார் படேல் சாலையிலேயே ஐ.ஐ.டி.யும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. மறைந்திருக்கும் முத்திரையைப் படிக்கும் கருவி அதிகாரியிடமும் நிறுவனத்திடமும் மட்டும் இருந்தால், வாங்குபவருக்குப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் எண் வாடிக்கையாளருக்கு, தெரியாத இழை பரிசோதகருக்கு என்று இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு கருவியை வைத்துக் கேட்பவருக்குக் காட்டுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். நகை வாங்கும்போது பி.ஐ.எஸ். கேர் செயலியில் எச்.யூ.ஐ.டி. எண்ணைப் போட்டு, அதில் வரும் விவரமும் கையிலுள்ள நகையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புடவைக்கு 'காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு' என்றே பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.